கணக்கில் வராத கடற்றரை

பாக்கு நீரிணையைப் பற்றி இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி படகுகளைப் பற்றியதாகவே இருக்கிறது. எல்லைக் கோட்டைத் தாண்டிய படகுகள் எத்தனை, சிறையிலுள்ள கடற்றொழிலாளர் எத்தனை பேர், அறுத்துச் செல்லப்பட்ட வலைகளின் பெறுமதி எவ்வளவு என்ற கணக்குகள் ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் படகுகளின் இழுவைமடி உரசிச் செல்லும் தரையில் என்னென்ன உயிர்கள் வாழ்ந்தன, அவற்றுள் எவை எஞ்சின, எஞ்சியவை பழைய நிலைக்கு மீள எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்ற கணக்கு அரிதாகவே கேட்கப்படுகிறது. மீன் ஓடும், நீர் ஓடும், தரை ஓடாது. ஆகவே மடியினால் நேரும் சேதங்களுள் மிக நீண்ட காலம் நிலைத்திருப்பது தரைக்கு நேர்ந்த சேதமே.

யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பு நேரடியாகக் கடலைத் தொடும் ஊர் அன்று. எனினும் அதே வலிகாமம் தென்மேற்குப் பிரதேசத்தைச் சேர்ந்த மாதகல் கரை சில கிலோமீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. மேற்கே போனால் திருவடிநிலை, பொன்னாலை, காரைநகர் என்று கரை நீள்கிறது. இந்தக் கரைகளில் ஏறும் மீனும் நண்டும் இவ்வூரின் சமையலறைகளுக்குப் பழக்கமானவை. ஒடியற் கூழில் சேரும் நண்டு, இறால், கணவாய் ஆகிய மூன்றும் கடலடியைச் சார்ந்து வாழ்பவை. கடற்புல்லை மேயும் ஓராவும், அடித்தரையில் புழுவையும் சிறு மட்டியையும் தேடித் தின்னும் விளைமீனும் அவ்வாறானவையே. யாழ்ப்பாணத்தின் உணவுக்கும் கடலின் தரைக்கும் இடையிலான தொடர்பு இவ்வளவு நெருக்கமானதாக இருந்தும், அந்தத் தரை ஊர்ப் பேச்சிலும் அரசியல் பேச்சிலும் இடம்பெறாமல் போவது பெருங்குறை.

கடலடியில் வாழும் விலங்குகளின் கூட்டத்தை உயிரியலாளர் அடித்தரைச் சமுதாயம் என்பர். அதில் இரு பிரிவுகள் உண்டு. மணலுக்கும் சேற்றுக்கும் உள்ளே புதைந்து வாழும் புழுக்கள், மட்டிகள், சிறு இறால் இனங்கள் ஒரு பிரிவு. தரையின் மேற்பரப்பில் ஊர்ந்தோ ஒட்டியோ வாழும் சங்கு, கடற்பஞ்சு, பவளம், நட்சத்திர மீன், கடலட்டை முதலியன மற்றப் பிரிவு. புதைந்து வாழ்பவை மணலைத் துளைத்துக் கிளறிக்கொண்டே இருப்பதால் காற்றுச் சத்துள்ள நீர் உள்ளே இறங்குகிறது. மட்டியும் சிப்பியும் நீரை உறிஞ்சி வடித்து, அதில் மிதக்கும் நுண்துகள்களை உண்டு, நீரைத் தெளிவாக்குகின்றன. தெளிந்த நீரில் வெளிச்சம் தரைவரை இறங்குவதால் கடற்புல் வளர்கிறது. கடற்புல்லின் வேர் மணலைப் பிடித்து வைக்க, அதன் இலைகளுக்கிடையே இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு இந்தப் புல்லே உணவு. பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீற்றர் மட்டுமே. ஆதலால் அதன் தரையின் பெரும்பகுதிக்கு வெளிச்சம் எட்டுகிறது, பெரும்பகுதிக்கு மடியும் எட்டுகிறது.

இழுவைமடியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் அதன் விளைவு தானே விளங்கும். படகின் பின்னால் இரு கம்பிகளில் இரண்டு கனமான பலகைகள் தொங்க, நீரின் விசை அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளி, நடுவிலுள்ள வலையின் வாயை அகல விரிக்கிறது. வலையின் அடிக்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ கோக்கப்பட்டிருக்கும். அது தரையோடு உரசி, புதைந்திருக்கும் இறாலைக் கிளப்பினால்தான் தொழில் நடக்கும். ஆகவே தரையைத் தொடுவது இந்தக் கருவிக்குத் தற்செயலாக நேரும் பிழையன்று, அதன் செயல்முறையே அதுதான். பலகைகள் மணலில் தடம் கீறுகின்றன, சங்கிலி கடற்பஞ்சையும் பவளத்தையும் முறிக்கிறது, கிளம்பிய சேறு புல்லின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது. இறாலுக்காக விரித்த மடியில் விற்பனைக்கு உதவாத குஞ்சு மீனும் நட்சத்திர மீனும் சிறு நண்டும் குவிய, அவை கழிவு மீன் என்ற பெயரில் கோழித்தீன் ஆலைகளுக்குப் போகின்றன அல்லது செத்தபின் கடலில் கொட்டப்படுகின்றன.

குளிர்கடல்கள் தந்த பாடம்

தரையின் சேதத்தை அளந்து எழுதும் மரபு வடக்கின் குளிர்கடல்களில்தான் வேரூன்றியது. முறைப்பாடு அதைவிடப் பழையது: 1376ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மீனவர் மூன்றாம் எட்வேர்ட் மன்னனின் பாராளுமன்றத்தில் புதிய இழுவலை ஒன்றுக்கு எதிராக மனுக் கொடுத்தனர், அது கடலடிச் செடிகளையும் சிப்பிகளையும் மீன்களின் உணவையும் அழிக்கிறது என்பதே அவர்களின் வழக்கு. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அந்த வழக்குக்கு எண்கள் கிடைத்தன. 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, அதற்கு முன் உலகெங்கும் நடந்த 70 ஆய்வுகளைத் தொகுத்து, ஒவ்வொரு கருவியும் ஒருமுறை இழுபடும்போது தரை உயிர்களுள் எத்தனை வீதத்தை அகற்றுகிறது என்று கணித்தது. பலகை கட்டிய சாதாரண இழுவைமடி சராசரியாக 2.4 சென்ரிமீற்றர் ஆழம் கீறி 6 வீதத்தை அகற்றுகிறது; குளிர்கடல்களில் ஸ்கலப் எனும் விசிறிச் சிப்பியை வாரப் பயன்படும் இரும்புப் பல் வைத்த வாரி 20 வீதத்தை அகற்றுகிறது; நீரைப் பீய்ச்சி மணலைக் கரைத்து மட்டி எடுக்கும் இயந்திரம் சராசரியாக 16 சென்ரிமீற்றர் இறங்கி 41 வீதத்தை அகற்றுகிறது. இழுவை நின்றபின் தரை உயிர்கள் ஏறத்தாழ முழுமையாக மீள 1.9 முதல் 6.4 ஆண்டுகள் வேண்டும் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

6 வீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் மீள்வதற்கு இடைவெளி விடாமல் ஒரே தரையில் பத்துமுறை மடி இழுபட்டால், அங்கிருந்தவற்றில் பாதிக்குச் சற்றே கூடுதலானது மட்டும் எஞ்சும். வாரத்தில் மூன்று இரவுகள் நூற்றுக்கணக்கான படகுகள் இறங்கும் ஒரு கடலில் பத்து என்பது பெரிய எண்ணிக்கையே அன்று.

சராசரி மறைத்துவிடும் உண்மை ஒன்றும் உண்டு. விரைவாகப் பிறந்து விரைவாக மடியும் சிறு புழுக்கள் சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். நீண்ட ஆயுளும் மெதுவான வளர்ச்சியும் உடையவை அவ்வளவு விரைவில் வருவதில்லை. ஐஸ்லாந்துக்கு அருகில் 2006இல் எடுக்கப்பட்ட ஒரு குளிர்கடல் மட்டியின் ஓட்டு வளையங்களை எண்ணியபோது அதன் வயது 507 என்று தெரியவந்தது. அத்தகைய உயிர் ஒன்றை வாரியின் பல் உடைக்க ஒரு நொடி போதும். அடிக்கடி இழுபடும் தரை பார்வைக்கு வெறுமையாக இராது; அங்கே உயிர்கள் இருக்கும், ஆனால் பெரியவையும் முதியவையும் போய்ச் சிறியவையும் குறுவாழ்வினவும் மட்டும் இருக்கும். இந்த மாற்றம் மீன்பிடிப் புள்ளிவிபரத்தில் உடனே தெரிவதில்லை என்பதே இதன் ஆபத்து.

நெதர்லாந்தின் வாடன் கடலில் நடந்தது யாழ்ப்பாணத்து வாசகர் ஊன்றிப் படிக்கத்தக்கது. வற்றுப்பெருக்கில் வெளித்தெரியும் பரந்த சேற்றுத் தரைகளை உடைய அந்த ஆழங்குறைந்த கடலில் 1990களின் தொடக்கத்தில் கடும் அறுவடையினாலும், புதிய குஞ்சுகள் போதிய அளவில் படியாமையாலும், கறுப்புச் சிப்பிப் படுக்கைகள் ஏறத்தாழ மறைந்தன. கொக்கிள் எனும் சிறுமட்டியை இயந்திரங்கள் தொடர்ந்து உறிஞ்சி எடுத்தன. 1999-2000 குளிர்காலத்தில் மட்டியையும் சிப்பியையும் நம்பி வாழும் ஐடர் வாத்துகள் ஏறத்தாழ 21,000 செத்துக் கரையொதுங்கியபோதுதான், தரையில் நடந்தது கரையிலிருந்தோரின் கண்ணுக்குத் தெரிந்தது. சூழலியல் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2004 செப்டெம்பர் 7ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட இடத்துக்குத் தீங்கு இல்லை என்பதில் நியாயமான அறிவியல் ஐயம் எதுவும் எஞ்சாதபோது மட்டுமே இத்தகைய தொழிலுக்கு அனுமதி வழங்கலாம் என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு முதல் இயந்திர மட்டிப்பிடி அங்கே நிறுத்தப்பட்டது. கையால் அரித்து எடுப்போர் இன்றும் எடுக்கின்றனர். தீங்கு நேர்ந்தது என்று பாதிக்கப்பட்டவர் நிறுவும் சுமையை நீக்கி, தீங்கு நேராது என்று தொழில் செய்பவர் நிறுவ வேண்டும் என ஆக்கியதே அந்தத் தீர்ப்பின் பெறுமதி.

மூடினால் மீளுமா என்ற கேள்விக்கும் குளிர்கடல்களிலேயே விடை உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜஸ் திட்டில் 1994 டிசெம்பரில் பெரும் பகுதிகள் மூடப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்குள், பிடிக்கத்தக்க அளவு வளர்ந்த ஸ்கலப்பின் நிறை, வெளியே திறந்திருந்த பகுதியைவிட மூடிய பகுதியில் 14 மடங்காகியது. இங்கிலாந்தின் லைம் குடாவில் 2008இல் 206 சதுர கிலோமீற்றர் பரப்பு இழுவைக் கருவிகளுக்கு மட்டும் மூடப்பட, கூடு வைப்போரும் சுழியோடிக் கையால் சிப்பி எடுப்போரும் தொழிலைத் தொடர்ந்தனர். முறிந்திருந்த கடல்விசிறிகள் மெல்ல மீண்டும் தழைத்தன.

சங்கும் முத்தும் அட்டையும்

குளிர்கடலின் எண்களை அப்படியே வெப்பக் கடலில் வைத்துப் பேச முடியாது. இங்கே உயிர்கள் விரைந்து வளர்கின்றன. வாடையும் சோளகமும் ஆண்டுக்கு இருமுறை ஆழங்குறைந்த தரையைக் கலக்குவதால், வெறும் மணற்பரப்பில் வாழும் இனங்கள் கலக்கத்துக்குப் பழகியவை. கடற்புல்லும் கடற்பஞ்சும் பவளமும் அவ்வாறு பழகியவை அல்ல. சங்கும் அல்ல.

சங்கின் வாழ்க்கை முறையே அதை எளிதில் அழியத்தக்கதாக்குகிறது. மணலில் பாதி புதைந்து கிடந்து புழுக்களைத் தின்னும் இந்த உயிர், சங்குப்பூ என்று சுழியோடிகள் அழைக்கும் முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கிறது. பல அறைகளைக் கொண்ட அந்த முறுக்கிய கூட்டுக்குள்ளேயே குஞ்சுகள் ஓட்டுடன் வளர்ந்து, வெளிவந்ததும் அதே தரையில் ஊரத் தொடங்குகின்றன. நீரில் மிதந்து தொலைதூரம் பரவும் பருவம் சங்குக்கு இல்லை. முத்துச் சிப்பியின் குஞ்சு நீரோட்டத்துடன் எங்கிருந்தோ வந்து படியக்கூடும். ஒரு திட்டில் அழிந்த சங்கு, அயல் திட்டிலிருந்து ஊர்ந்து வரும் சங்கினால் மட்டுமே நிரப்பப்படும். கூடு மணலில் ஊன்றி நிற்கும் வேளையில் மடி இழுபட்டால், பெற்ற சங்குடன் பிறக்காத தலைமுறையும் சேர்ந்தே போகிறது.

வங்காளப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்காக யாழ்ப்பாணக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் பல நூற்றாண்டுகள் சங்கு குளிக்கப்பட்டது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் சேற்றில் புதையுண்ட பழஞ்சங்குகளைக்கூடத் தோண்டி எடுத்து விற்ற காலம் இருந்தது. மூச்சை அடக்கிச் சுழியோடுபவர் கண்ணால் கண்ட சங்கை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார். சிறியதை விட முடிந்தது, சங்குப்பூவை மிதிக்காமல் விலக முடிந்தது, ஆழமும் காற்றும் அவருடைய அறுவடைக்கு இயல்பான எல்லையை விதித்தன. பின்னர் இராமேசுவரப் பகுதியில் சங்குமடி என்ற பெயரிலேயே ஒருவகை இழுவைமடி வந்தபோது இந்த எல்லைகள் யாவும் ஒருசேர நீங்கின. ஒரே உயிரை, ஒரே கடலில், இரு கருவிகளால் எடுத்ததன் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று தமிழர் கடல்களில் இல்லை.

இதனால் கை எடுத்ததெல்லாம் தீங்கற்றது என்றாகாது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பார்களில் 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட முத்துச் சிப்பிகள் சுழியோடிகளின் கையாலேயே எடுக்கப்பட்டன; 1907க்குப் பிறகு பார்கள் வறண்டுபோயின, 20 ஆண்டுக் குத்தகை எடுத்த கம்பனி காலம் முடியும் முன்னரே தொழிலைக் கைவிட்டது. வறட்சிக்குக் காரணம் மிகைப் பிடிப்பு மட்டும்தானா என்பதில் அறிஞர் ஒருமனப்பட்டவர் அல்லர். 1902இல் வந்து ஆராய்ந்த வில்லியம் ஹெர்ட்மன், இடம்பெயரும் மணலையும் சிப்பியைத் தின்னும் மீன்களையும் சிப்பிகளின் நெருக்கத்தையும் காரணமாகச் சொன்னார். எனினும் பார் என்ற கடினத் தளம் சிதையாமல் இருந்ததனால், பிற்காலத்தில் சிப்பி மீண்டும் படிவதற்கு இடமாவது எஞ்சியிருந்தது.

கடலட்டையின் கதை இன்னும் முடியாதது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகிய சத்தை உண்டு, சுத்தமான மணலைக் கழிப்பதன் மூலம் தரையைப் புதுப்பிக்கும் இந்த உயிர், உலர்த்திய நிலையில் சீனச் சந்தையில் பெரும் விலை போகிறது. இந்தியா 2001இல் அட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்ய, இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்துடன் தொடர்ந்தது. காற்றுக் குடுவை பூட்டி இரவில் சுழியோடும் முறை வந்தபின் பழைய சுழியோடியைக் கட்டுப்படுத்திய எல்லைகள் இங்கும் நீங்கின. காட்டு அட்டை அருகியபோது பண்ணைகள் எழுந்தன: அரியாலையில் சீன முதலீட்டுடன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது, யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் வலை அடைப்புகள் பெருகின, 2022இல் கிராஞ்சியில் சிறு கடற்றொழிலாளர் அவற்றுக்கு எதிராகப் போராடினர். வெள்ளை அட்டையின் மிதக்கும் குஞ்சு முதலில் வந்து ஒட்டுவது கடற்புல்லின் இலையில். அங்கே சில வாரம் வளர்ந்த பின்னரே அது மணலுக்கு இறங்குகிறது. புல் மேட்டை அடைத்துப் பண்ணை கட்டுவதும், புல் மேட்டில் மடி இழுப்பதும் ஒரே அளவான தீமைகள் அல்ல என்றாலும், இரண்டையும் ஒரே கேள்வியால்தான் அளக்க வேண்டும்: தரைக்கு என்ன நேர்கிறது?

யாருடைய மடி?

இந்தக் கேள்வியை இரு கரைகளும் தவிர்த்து வந்துள்ளன. நோர்வேயின் உதவியுடன் 1953இல் கேரளத்தில் தொடங்கிய திட்டத்தின் வழியாகவும், இறால் ஏற்றுமதியின் இலாபத்தினாலும் 1960களில் தமிழ்நாட்டில் பரவிய இழுவைத் தொழில், தன் கரையோரத் தரையில் விளைச்சல் குன்றியபின் கிழக்கே நகர்ந்தது. 1974, 1976 இந்திய-இலங்கை உடன்படிக்கைகள் கடலில் கோடு கிழித்தன. ஆனால் 1983க்குப் பின் போரினால் வடக்கின் கடற்றொழில் முடக்கப்பட்டிருந்த நெடுங்காலத்தில் அந்தக் கோட்டுக்கு இப்பாலுள்ள தரை கேட்பாரின்றிக் கிடந்தது. 2009க்குப் பின் சிறு படகுகளுடன் கடலுக்குத் திரும்பிய மாதகல், காரைநகர், நெடுந்தீவுத் தொழிலாளர் கண்டது மடி இழுபட்டுக்கொண்டிருந்த கடலை.

இலங்கைப் பாராளுமன்றம் 2017 யூலையில், எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலத்தை ஏற்று, அடித்தரை இழுவையை முற்றாகத் தடைசெய்தது. அந்தச் சட்டம் மடியின் கொடியைப் பார்க்கவில்லை, மடியையே பார்த்தது என்பது அதன் சிறப்பு. குருநகர், வல்வெட்டித்துறை, பேசாலை ஆகிய துறைகளிலும் உள்ளூர் இழுவைப்படகுகள் இருந்தன. சட்டம் வந்தபின்னும் அத்தொழில் முற்றாக நின்றுவிடவில்லை. இராமேசுவரத்து மடி புல்லை வேரோடு பிடுங்கும், குருநகர் மடி பிடுங்காது என்று எந்த உயிரியலும் சொல்லவில்லை. தமிழகப் படகுகளை எதிர்த்து எழும் நியாயமான குரலுக்கு வலுச் சேர வேண்டுமாயின், உள்ளூர் இழுவை முதலில் நிற்க வேண்டும். அதில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கான முதலை அரசு கொடுத்தாக வேண்டும். மறுகரையில் 2000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் தூண்டில், செவுள் வலைப் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இலேயே அறிவிக்கப்பட்டும் இலக்கில் சிறு பகுதியையே எட்டியது. மாறாக, 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாக் காப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தது உண்மையில் பாராட்டுக்குரியது. கடற்புல்லைக் காக்காமல் ஆவுளியாவைக் காக்க இயலாது என்பதால், அந்த அறிவிப்பு தரையைக் காக்கும் அறிவிப்பே ஆகும்.

2021 யூனில் நெடுந்தீவுக்கு அப்பால் பழைய பஸ் கூடுகள் கடலில் இறக்கப்பட்டன. மீன் கூடுவதற்கு இடமாகவும், மடி இழுப்பதற்குத் தடையாகவும் அவை உதவலாம். புல் மேட்டின் வேலையையும், நீர் வடிக்கும் சிப்பிப் படுக்கையின் வேலையையும் இரும்புக் கூடு செய்யாது. பிடுங்கப்பட்ட புல்லை நாற்றாக நட்டு மீட்கலாம் என்பதைப் பாக்கு விரிகுடாவின் மறுகரையில் மூங்கில் சட்டமும் கயிறும் கொண்டு நடந்த முயற்சிகள் காட்டியிருக்கின்றன, ஆனால் நட்ட இடத்தில் மறுபடி மடி இழுபடாதிருந்தால் மட்டுமே அந்த நாற்று பிழைக்கும்.

வடக்கின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தம் எல்லைக்குள் எந்த வலை இறங்கலாம், எது கூடாது என்று விதித்து நடத்திய மரபுடையவை. மாதகலிலிருந்து நெடுந்தீவு வரையுள்ள தரையில் ஒரு பகுதியைத் தெரிந்து, உள்ளூர், வெளியூர் என்ற பேதமின்றி இழுவைக் கருவிகள் அனைத்துக்கும் அதை மூடி, அங்குள்ள புல்லையும் சங்கையும் அட்டையையும் மட்டியையும் ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்யும் பணியை அந்தச் சங்கங்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் நாரா எனும் தேசிய நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்க வேண்டும். அந்தப் பதிவேட்டை, படகு எண்ணிக்கையுடனும் கைது எண்ணிக்கையுடனும் சேர்த்து, அடுத்த இருதரப்புப் பேச்சு மேசையில் வைக்க வேண்டும்.